மேலுலகத்திலும் ஆபீஸ்தான்!

வாசகர் கேள்வி பதில்: சினிமா

'திரையில் மரணமும் மறுமையும்' என்று போன இதழில் தலைப்புக் கொடுத்துக் கேள்வி கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி எமதர்மராஜாவைப் பற்றியவை. மீதியில் பெரும்பங்கு 'இதை எப்படி எடுத்தார்கள்?' ரகம். 'செத்த பிறகு உண்மையில் என்ன நடக்கும்?' என்று கேட்ட மூன்று பேருக்கும் பதில் சொல்லும் தகுதி சினிமாப் பகுதிக்கு இல்லை. மன்னிக்கவும்.

தமிழில் எமலோகம் வந்தாலே ஆள் மாறிப்போன கதைதான். 'அதிசய பிறவி'யிலும் அதே, தெலுங்கிலும் அதே. இந்தக் கணக்குத் தப்பு எங்கிருந்து வந்தது?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சேலம்

கணக்குத் தப்பைப் பற்றி வங்கிக்காரர் கேட்பதுதான் முறை. நம் எமலோகப் படங்களில் இரண்டு வகையறா உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் வகையறா வங்காளத்திலிருந்து வந்தது. 1958-ல் பானு பந்தோபாத்யாய் நடித்து வந்த 'ஜமாலயே ஜீவந்த மானுஷ்' என்ற படத்தின் பெயருக்கே 'எமலோகத்தில் உயிருள்ள மனிதன்' என்றுதான் பொருள். அதன் வழியில் 1960-ல் தெலுங்கில் என்.டி.ராமராவ் நடித்த 'தேவாந்தகுடு', தமிழில் கே.ஏ.தங்கவேலு நடித்த 'நான் கண்ட சொர்க்கம்' இரண்டும் வந்தன. 1977-ல் மறுபடியும் என்.டி.ஆர். – 'யமகோலா'. அதுவே 1980-ல் சிவாஜியின் 'யமனுக்கு யமன்'. இந்த வகையில் சிரிப்பு எங்கே இருக்கிறதென்றால், மேலே போனவன் மனுப்போட வந்தவன் மாதிரிப் பணிந்து நிற்காமல், அதிகாரியையே கேள்வி கேட்கிறானே, அங்கே.

இரண்டாவது வகையறாதான் நீங்கள் கேட்கும் கணக்குத் தப்பு. இதன் பழைய மாதிரி 1941-ல் வந்த 'ஹியர் கம்ஸ் மிஸ்டர் ஜோர்டன்' என்ற ஹாலிவுட் படம். ஒரு குத்துச்சண்டை வீரன் விமானத்தில் போகிறான். விமானம் விழப்போகும் நேரத்தில், அவசரக்குடுக்கையான தேவதூதன் ஒருவன் உயிரை முன்கூட்டியே பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறான். மேலே பதிவேட்டைப் புரட்டினால் இன்னும் 50 வருடம் பாக்கி இருக்கிறது. திருப்பி அனுப்பலாம் என்று கீழே வந்தால் உடம்பைத் தகனம் செய்துவிட்டார்கள். இனி வேறு உடம்பு தேட வேண்டும். 1988-ல் சிரஞ்சீவியின் 'யமுடிகி மொகுடு', அதைத் தழுவி 1990-ல் ரஜினியின் 'அதிசய பிறவி' ஆகிய இரண்டிலும் இதே எலும்புக்கூடுதான். அந்த உடம்பு அதே முகம் உள்ள இன்னொருவனுடையது என்பது நம் ஊர் சேர்க்கை. இரட்டை வேடத்துக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

திரைக்கதை எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் அந்தத் தகனம். உடம்பு அப்படியே இருந்தால், தப்பைத் திருத்தி அனுப்பிவிட்டு பத்தாவது நிமிடத்தில் 'வணக்கம்' போட்டுவிடலாம். எரித்துவிட்டதால்தான் படம் நடக்கிறது. எமலோகப் படத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் அற்புதம் வைக்கலாம். ஆனால் திருத்தவே முடியாத ஒரு காரியம் அதில் இருந்தே ஆக வேண்டும். பிற்காலப் படங்கள் பலவற்றில் எமன் நினைத்தால் எதையும் மாற்றிவிடுகிறார். அதனால்தான் இடைவேளைக்குப் பிறகு நமக்குப் பதற்றமே வருவதில்லை.

கணக்குப் புத்தகமே தொலைந்துபோவது இதன் கிளைக்கதை. 1994-ல் தெலுங்கு 'யமலீலா', மறு வருடம் கவுண்டமணி எமனாக வந்த 'லக்கி மேன்'. காஞ்சிபுரத்தில் சித்திரகுப்தனுக்குத் தனிக் கோயிலே இருக்கிறது. ஏடும் எழுத்தாணியுமாக உட்கார்ந்திருப்பார். அந்த ஏட்டில் கைவைத்தால் கதை தானாக நகரும் என்பது நம் சினிமாக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பழைய ஆங்கிலப் படம் ஒன்றில் பூமி வண்ணத்திலும் சொர்க்கம் கறுப்பு வெள்ளையிலும் இருந்தது. பணம் போதாமல் அப்படி எடுத்தார்களா?
– வாசகி, நாகர்கோவில்

நேர்மாறு. நீங்கள் பார்த்தது 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' (1946). இயக்கம் மைக்கேல் பவல், எமரிக் பிரஸ்பர்கர் என்ற இரட்டையர். அமெரிக்காவில் 'ஸ்டேர்வே டு ஹெவன்' என்று பெயர் மாற்றி வெளியிட்டார்கள்.

1945 மே 2 இரவு, எரியும் போர் விமானத்திலிருந்து பாராசூட் இல்லாமல் குதிக்கிறான் ஒரு விமானி. சாகவேண்டியவன், கடற்கரையில் உயிரோடு எழுகிறான். அழைத்துப்போக வந்த 71-ஆம் எண் தூதன், இங்கிலாந்தின் மூடுபனியில் ஆளைத் தவறவிட்டுவிட்டான். (சேலம் வாசகர் கவனிக்க: இதுவும் கணக்குத் தப்புதான்.) அதற்குள் அவன் ஒரு பெண்ணைக் காதலிக்கத் தொடங்கிவிடுகிறான். வழக்கு மேலுலக நீதிமன்றத்துக்குப் போகிறது.

அந்தக் கால வண்ணப்பட முறையான டெக்னிகலரின் கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு பட்டகம் இருக்கும். அது ஒளியைப் பிரித்து, ஒரே நேரத்தில் மூன்று கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களில் பதிய வைக்கும். பிறகு அச்சுப் போடுவதுபோல மூன்று சாயங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிரிண்டில் ஏற்றுவார்கள். மேலுலகக் காட்சிகளையும் டெக்னிகலர் கூடத்திலேயே பிரிண்ட் போட்டார்கள். அதனால்தான் அந்தக் கறுப்பு வெள்ளை சாதாரணப் படம்போல இல்லாமல் முத்துச்சிப்பியின் உட்புறம் மாதிரித் தெரிகிறது. தூதன் பூமிக்கு வந்து இறங்கும்போது, சட்டையில் குத்திய ரோஜா கண்ணெதிரே சிவக்கும். 'மேலே டெக்னிகலர் இல்லாமல் ஏங்கிப்போகிறது' என்கிற அர்த்தத்தில் அவனே ஒரு வசனமும் பேசுவான். படத்தின் கட்சி அதுதான்: பூமியே மேல்.

இரண்டு உலகத்தையும் இணைக்கும் நகரும் படிக்கட்டு தந்திரக் காட்சி அல்ல, நிஜ இயந்திரம். லண்டன் போக்குவரத்துத் துறையின் பொறியாளர்கள் கட்டியது. 106 படிகள், ஒவ்வொன்றும் 20 அடி அகலம், 12 குதிரைத்திறன் மோட்டார். படப்பிடிப்புக் குழு அதற்கு 'எத்தல்' என்று பெயர் வைத்திருந்தது. ஒரு சங்கடம்: ஓடவிட்டால் அந்த இரைச்சலில் நடிகர்கள் பேசுவது கேட்காது. அந்தக் காட்சிகளின் வசனத்தைப் பிறகுதான் பதிவு செய்தார்கள்.

மறுபடி பார்த்தால் மூக்கைக் கவனியுங்கள். தூதன் தோன்றுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் விமானிக்கு வெங்காயம் வதக்கும் வாசனை வரும், கூடவே தலைவலி. இல்லாத வாசனை மூக்கில் அடிப்பது மூளையின் பொட்டுப் பகுதியில் கோளாறு இருப்பதற்கு அடையாளம் என்று நரம்பு மருத்துவர்கள் சொல்வார்கள். படத்தில் வரும் டாக்டரும் அதைப் பிடித்துக்கொள்கிறார். மேலே விசாரணை நடக்கும் அதே நேரத்தில் கீழே மூளை அறுவை சிகிச்சை. சொர்க்கம் நிஜமா, மூளைக் கோளாறின் வேலையா என்பதைக் கடைசிவரை சொல்லாமலே விட்டதுதான் இந்தப் படத்தின் கெட்டிக்காரத்தனம்.

குறும்படத்தில் இறந்த பாட்டி ஊடுருவித் தெரிவதுபோல் வர வேண்டும். கையில் மொபைலும் ஸ்டாண்டும்தான் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன், பாட்டி தெரிகிறார், ஆனால் சுவரே ஆடுகிறது. வழி சொல்லுங்கள்.
– விஸ்காம் மாணவர், கோவை

இது நூறு வருடம் பழைய வித்தை. 1921 ஜனவரி 1 அன்று வெளியான ஸ்வீடன் நாட்டு மௌனப் படம் 'தி ஃபான்டம் கேரேஜ்'. வருடக் கடைசி இரவில் சாகும் கடைசி ஆள், அடுத்த வருடம் முழுக்க மரணத்தின் வண்டியை ஓட்ட வேண்டும் என்பது அதில் விதி. கேமராவில் ஓடிய பிலிமையே பின்னுக்குச் சுற்றி, அதன்மேல் மறுபடி படம் எடுத்தார்கள். சில இடங்களில் நான்கு அடுக்கு வரை. அத்தனையும் கையால் சுற்றும் கேமராவில். அதில் பேய் வண்டி ஒரு மரத்துக்குப் பின்னால் போனால் நிஜமாகவே மறைந்து போகும். நம் ஆட்கள் பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

உங்கள் சுவர் ஆடக் காரணம், இரண்டு ஷாட்டுக்கும் நடுவில் மொபைலைத் தொட்டிருக்கிறீர்கள். அல்லது மொபைலின் ஆட்டத்தடுப்பு வசதி தானாகச் சட்டத்தை நகர்த்தியிருக்கிறது. ஸ்டாண்டில் வைத்தபின் அதை அணைத்துவிட வேண்டும். ரெக்கார்ட் பட்டனையும் விரலால் அழுத்தாமல் இயர்போன் பட்டனாலோ டைமராலோ இயக்குங்கள்.

அடுத்து ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் பாட்டியின் வெள்ளைப் புடவை உள்ளே வந்ததும் மொபைல் தானாக வெளிச்சத்தைக் குறைக்கும். இரண்டு ஷாட்டிலும் சுவர் வேறு வேறு நிறமாகிவிடும். நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 1/60 வைத்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் பட்டை பட்டையாக ஓடும். ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னல் திரைச்சீலையைக் கட்டிவிடுங்கள். அசையும் எதுவும் இரட்டையாகத் தெரியும்.

முதலில் காலி அறையை 30 விநாடி எடுங்கள். எதையும் தொடாமல், உடனே பாட்டியை நடக்கவிட்டு எடுங்கள். சாயங்கால ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டுக்கும் நடுவே பத்து நிமிடம் இடைவெளி விட்டாலே காரியம் கெட்டது. எடிட்டிங்கில் காலி அறை கீழ் அடுக்கு, பாட்டி மேல் அடுக்கு. மேல் அடுக்கின் ஒபாசிட்டியை (அது எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்ற அளவை) 40 முதல் 60 சதவீதத்துக்குள் வைத்துப் பாருங்கள். சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் வெள்ளைப் புடவை என்றால் ஆள் கரைந்தே போவார்; பின்னணி இருட்டாக இருக்கட்டும். சுவரிலிருந்து குறைந்தது ஐந்து அடி தள்ளி நடக்க வையுங்கள், இல்லையேல் நிழல் சுவரில் விழுந்து காட்டிக்கொடுக்கும்.

பாட்டி மேஜைக்குப் பின்னால் போக வேண்டுமா? மேல் அடுக்கில் மேஜை இருக்கும் இடத்தை மாஸ்க் போட்டு வெட்டிவிடுங்கள். அந்தக் காலத்தில் இதே வேலையைக் கறுப்புத் துணி செய்தது: கறுப்பு பிலிமில் பதியாது, எனவே முதலில் எடுத்த படம் அங்கே அப்படியே தங்கும். பாட்டி கதவைத் திறக்க வேண்டுமானால் மட்டும் இந்த முறை ஒத்துவராது, ஏனெனில் கதவும் பாதி ஊடுருவித் தெரியும். ஆள் இல்லாமல் கதவை நூல் கட்டி இழுத்து ஒரு ஷாட் எடுத்து, அதையே கீழ் அடுக்காக வைத்துக்கொள்ளுங்கள். மேல் அடுக்கில் நடக்கும் பாட்டியை, பின்னால் கறுப்புத் துணி தொங்கவிட்டுத் தனியாக எடுத்து, எடிட்டிங்கில் 'ஸ்கிரீன்' முறையில் (கறுப்பு மறைந்து வெளிச்சம் மட்டும் தங்கும் முறை) ஏற்றுங்கள்.

நாடகத்துக்கு தேவலோகப் புகை வேண்டும். தரையோடு தவழ வேண்டும். வாடகைப் புகை இயந்திரம் வைத்தால் மேலே போய் முகத்தை மறைக்கிறது.
– பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்

வாடகை இயந்திரம் சூடான புகையை விடும்; சூடானது மேலேதான் போகும். தவழும் புகைக்கு டிரை ஐஸ் வேண்டும். அது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, வெப்பநிலை மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸ். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கை பொறுக்காத சூட்டில் இருக்கும் வெந்நீரில் துண்டுகளைப் போட்டால் குளிர்ந்த கனமான மூட்டம் பாத்திர விளிம்பைத் தாண்டி வழியும். தண்ணீர் ஆறியதும் மூட்டம் படுத்துவிடும். மறுபடி வெந்நீர் ஊற்ற வேண்டும். மேடையில் ஃபேன் ஓடினால் ஒரு நிமிடம்கூட நிற்காது.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். 1 கிலோ டிரை ஐஸ் ஏறத்தாழ 540 லிட்டர் வாயுவாகும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையைப் பூட்டிக்கொண்டு இரண்டு கிலோ போட்டால் காற்றில் மூன்று சதவீதத்துக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு, தலைவலி, மூச்சுத்திணறல். வாயு கனமானதால் தரையோரம்தான் அதிகம் தேங்கும். ஆகவே 'மேகத்தில் படுத்திருக்கும் தேவதை' வேடத்தில் எந்தக் குழந்தையையும் தரையில் படுக்க வைக்கக் கூடாது. திறந்த மேடையில் மட்டும் செய்யுங்கள். தடித்த கையுறையும் இடுக்கியும் இல்லாமல் தொடக் கூடாது. கொண்டுவரும்போது தெர்மாகோல் பெட்டியை இறுக்கி மூடாதீர்கள். பாட்டிலில் அடைத்தால் வெடிக்கும்.

கண்ணாடிக்குள் கையை நுழைத்து மறு உலகத்துக்குப் போகும் பிரெஞ்சுப் படம்?
– வாசகர், புதுச்சேரி

ழான் காக்தோ இயக்கிய 'ஓர்ஃபே' (1950). கை நுழையும் அந்த அண்மைக் காட்சியில் இருப்பது கண்ணாடி அல்ல, தொட்டி நிறையப் பாதரசம். படுக்கையாக இருக்கும் பளபளப்பை நிமிர்த்திக் காட்டுவது கேமராவின் கோணம். தண்ணீரைவிடக் கனமானதால் கை நுழையும்போது ஒரு தயக்கம் தெரிகிறது பாருங்கள், அதுதான் அந்தக் காட்சியின் அழகு. கையுறை தானாகவே விரல்களில் ஏறுவது, கழற்றுவதைப் படமெடுத்துத் தலைகீழாக ஓட்டியது. படத்தின் பாதாள உலகம், போரில் குண்டு விழுந்த சான்-சிர் ராணுவக் கல்லூரியின் இடிபாடு. பாதரச வித்தையைச் செய்து பார்க்காதீர்கள். அதன் ஆவி நரம்புக்கு விஷம்.

'ஆஃப்டர் லைஃப்' என்ற ஜப்பானியப் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன். ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். இதை ஏன் கொண்டாடுகிறார்கள்?
– ஐ.டி. ஊழியர், சென்னை

நிறுத்திய இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான் படம் தொடங்குகிறது. ஹிரோகாஸு கோரே-எடா 1998-ல் எடுத்தது. மேலுலக வாசல், பெயின்ட் உதிர்ந்த பழைய அரசுப் பள்ளிக் கட்டடம் மாதிரி இருக்கும். திங்கட்கிழமை செத்தவர்கள் வந்து பெயரைப் பதிகிறார்கள். புதன்கிழமைக்குள் வாழ்க்கையிலிருந்து ஒரே ஒரு நினைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நினைவை ஊழியர்கள் குட்டிப் படமாக எடுப்பார்கள். சனிக்கிழமை திரையிடுவார்கள். பார்த்ததும் அந்த நினைவை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதெல்லாம் மறந்து, நித்தியத்துக்குப் போய்விட வேண்டும். தேர்ந்தெடுக்க முடியாதவர்கள்? அவர்கள்தான் அங்கே ஊழியர்கள். இந்தக் கடைசி விதி பிடிபட்டதும், மேஜைக்கு மறுபக்கம் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் இளைஞனின் முகத்தை வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்குவீர்கள்.

'உட்கார்ந்து பேசுகிறார்கள்' என்றீர்களே, அதற்குக் காரணம் உண்டு. படத்துக்காகச் சுமார் 500 பேரைச் சந்தித்து 'ஒரே நினைவு என்றால் எதைச் சொல்வீர்கள்?' என்று கேட்டுப் பதிவு செய்தார் இயக்குநர். திரையில் பேசுபவர்களில் சிலர் நடிகர்கள் அல்ல, சொந்த நினைவைச் சொல்பவர்கள். எது எழுதிய வசனம், எது நிஜம் என்று பிரிக்க முடிகிறதா என்று பார்ப்பதே ஒரு விளையாட்டு.

டிஸ்னிலேண்ட் போன நாளைத் தேர்ந்தெடுக்கிறாள் ஒரு பள்ளி மாணவி. ஊழியப் பெண் கடிந்துகொள்வதில்லை. உன்னைப்போல இதுவரை முப்பது பேர் அதைத்தான் சொன்னார்கள் என்று மட்டும் சொல்கிறாள். மாணவி யோசித்து, சின்ன வயதில் அம்மா மடியில் தலைவைத்துப் படுத்த ஞாபகத்துக்கு மாறுகிறாள். தேர்ந்தெடுக்க எதுவுமே இல்லை என்று தவிக்கும் ஒரு பெரியவரிடம், வருடத்துக்கு ஒன்றாக 71 வீடியோ கேசட்டுகளைக் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

அந்தக் குட்டிப் படங்களை எடுக்கும் பகுதிதான் எங்களுக்குப் பிடித்தது. விமானத்திலிருந்து பார்த்த மேகம் வேண்டும் என்கிறார் ஒருவர். ஊழியர்கள் பஞ்சைப் பிய்த்துக் கயிற்றில் கட்டி இழுக்கிறார்கள். நினைவுக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நின்று திருத்தம் சொல்கிறார். பஞ்சு என்று தெரிந்தும் முகம் மலர்கிறது. அதே 1998-ல் வந்த 'வாட் ட்ரீம்ஸ் மே கம்' சொர்க்கத்தையே எண்ணெய் ஓவியமாக்கிக் காட்டி, காட்சி ஜாலத்துக்கு ஆஸ்கரும் வாங்கியது. கண்ணுக்கு விருந்துதான். ஆனால் ஒரு வாரம் கழித்தும் மனதில் நிற்பது பஞ்சு மேகம்.

தாத்தா இறந்து இரண்டு மாதம். ஏழு வயது மகனுக்கு 'கோகோ' காட்டலாமா?
– தாய், மதுரை

இறந்தவர்களின் உலகத்துக்குப் போகும் மெக்சிகோச் சிறுவனைப் பற்றிய அந்த அனிமேஷன் படத்தைக் காட்டலாம், தனியாக விடாமல். எலும்புக்கூடுகளைப் பார்த்துக் குழந்தைகள் பெரும்பாலும் பயப்படுவதில்லை. கண்கள் வைத்து, தொப்பி போட்டு, உறவுக்காரர்களாகத்தான் வரைந்திருக்கிறார்கள். சிக்கல் வேறு இடத்தில். அந்தக் கதையின் விதிப்படி, உயிரோடிருப்பவர்கள் எல்லோரும் மறந்துவிட்டால் மேலுலகத்திலும் ஒருவர் மறைந்துபோவார். படத்தின் நடுவில் ஊஞ்சல் படுக்கையில் கிடக்கும் ஒரு நண்பர், பாட்டு முடிந்ததும் பொன்னொளியாகக் கரைகிறார். அந்த இடத்தில் பிள்ளை 'நான் மறந்துட்டா தாத்தா போயிடுவாரா?' என்று கேட்கலாம். அது ஒரு கதையில் வைத்த விதி, நிஜத்தில் தாத்தாவைக் காப்பாற்றும் பொறுப்பு உன் தலையில் இல்லை என்று அப்போதே நிறுத்திச் சொல்லிவிடுங்கள். பின்பாதியில் ஒருவருக்கு விஷம் கொடுத்தது தெரியவரும் காட்சியும் உண்டு. படம் 105 நிமிடம். ராத்திரி தூங்கும் முன் வேண்டாம், மாலையில் போடுங்கள். படையலில் போட்டோ வைப்பதும் செண்டுப்பூ தூவுவதும் மெக்சிகோவில் நவம்பர் 1, 2 தேதிகளில் நடக்கும் வழக்கம். நம் வீட்டுப் படையலோடு அவனே ஒப்பிட்டுக்கொள்வான்.

மரணத்தோடு சதுரங்கம் ஆடும் படம் ரொம்ப இருட்டாமே?
– கல்லூரி மாணவி, திருச்சி

இங்மார் பெர்க்மனின் 'தி செவன்த் சீல்' (1957). 96 நிமிடம்தான், நடுநடுவே சிரிப்பும் உண்டு: மரத்தில் ஏறி ஒளிந்த நாடகக்காரனைப் பிடிக்க மரணம் ரம்பம் எடுத்து மரத்தை அறுக்கிறது! மரணத்தோடு சதுரங்கம் என்ற எண்ணம், டேபி என்ற ஊர்த் தேவாலயத்தில் 15-ஆம் நூற்றாண்டில் வரைந்த ஓவியத்தில் இருப்பது. மொத்தப் படமும் 35 நாளில் முடிந்தது. குன்றின்மேல் எல்லோரும் கைகோத்து ஆடும் அந்தப் புகழ்பெற்ற கடைசிக் காட்சி திட்டமிட்டதல்ல. நல்ல மேகம் திரண்டது, நடிகர்கள் பலர் கிளம்பிவிட்டார்கள். அங்கிருந்த தொழிலாளிகளுக்கும் வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கும் உடையை மாட்டி, நிழலுருவமாக எடுத்துவிட்டார்கள். மரணத்துக்கு அப்பால் என்ன என்று சதுரங்கம் ஆடும் வீரன் கேட்கும் கேள்விக்கு மரணத்துக்கே விடை தெரியவில்லை. அந்த ஆபீஸில் அதற்குக் கீழ்நிலைப் பதவிதான் போலிருக்கிறது.

'டிபார்ச்சர்ஸ்' படத்தில் காட்டும் சடங்கு நிஜமா?
– செவிலியர், வேலூர்

நிஜம். ஜப்பானில் அதற்கு 'நோகன்' என்று பெயர். உறவினர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, போர்வைக்குள்ளேயே உடலைத் துடைத்து, பழைய உடையை உருவி, வெள்ளை உடை மாற்றி, முகம் மழித்து, ஒப்பனை செய்து பெட்டியில் வைப்பார்கள். இத்தனையிலும் உடம்பு வெளியே தெரியவே கூடாது என்பதுதான் தொழில் நுணுக்கம். உங்களுக்கு அதன் கஷ்டம் தெரிந்திருக்கும். கிமோனோவை உயிரோடிருப்பவர்கள் இடப்பக்கம் மேலே வருமாறு மடிப்பார்கள், இறந்தவருக்கு வலப்பக்கம் மேலே. நாயகன் மஸாஹிரோ மோட்டோகி இந்த வேலையைத் தொழில் செய்பவரிடமே போய்க் கற்றுக்கொண்டு நடித்தார். 2009-ல் சிறந்த வேற்றுமொழிப் படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. 'பிணம் தொடும் கை' என்று மனைவியே விலகும் காட்சி, நம் ஊரில் இந்த வேலை செய்கிறவர்களை நடத்தும் விதத்தை நினைத்தால் அந்நியமாகத் தெரியாது.

'ஹெவன் கேன் வெயிட்' என்று தேடினால் இரண்டு படம் வருகிறதே?
– வாசகர், ஈரோடு

இரண்டும் வெவ்வேறு கதை. 1943-ல் எர்ன்ஸ்ட் லூபிட்ச் எடுத்ததில், ஒரு கிழவர் தானாகவே நரக வாசலுக்கு வந்து 'எனக்கு இடம் இங்கேதான்' என்று வாழ்க்கைக் கதையைச் சொல்கிறார். 1978-ல் வாரன் பேட்டி நடித்தது, முதல் பதிலில் சொன்ன 1941 குத்துச்சண்டைக் கதையின் மறு ஆக்கம்; வீரன் மட்டும் அமெரிக்கக் கால்பந்துக்காரன் ஆகிவிட்டான்.

எங்கள் நூலகத்தில் இந்தப் படங்களை மூன்று நாள் திரையிட ஆசை. எதை எந்த வரிசையில்? புரொஜெக்டரில் கவனிக்க என்ன?
– வாசகர் வட்டம், தேனி

முதல் நாள் 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்', இரண்டாம் நாள் 'ஆஃப்டர் லைஃப்', மூன்றாம் நாள் அகிரா குரோசவாவின் 'இகிரு' (1952). கடைசிப் படத்தில் மேலுலகமே கிடையாது. வயிற்றில் புற்றுநோய் வந்த நகராட்சி அதிகாரி, படம் முடிய இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கையிலேயே செத்துவிடுவார். மீதி முழுக்கத் துக்க வீட்டில் சக ஊழியர்கள் குடித்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசுவது. முதல் இரண்டு நாளில் மேலே உள்ள ஆபீஸைப் பார்த்தவர்களுக்கு, இந்தக் கீழ் ஆபீஸ் நன்றாக உறைக்கும். 143 நிமிடம்; நடுவில் தேநீர் வையுங்கள், ஆனால் அவர் சாகும் இடத்தில் நிறுத்தாதீர்கள். அந்த வெட்டுதான் படம்.

வீட்டு ஓ.டி.டி. சந்தாவோ டிவிடியோ பொதுத் திரையிடலுக்குச் செல்லாது, இலவசமாகக் காட்டினாலும். உரிமை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குங்கள். முதல் நாள் படமும் மூன்றாம் நாள் படமும் ஏறக்குறைய சதுரச் சட்டம் கொண்டவை. திரையை நிரப்ப இழுத்தால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும். 'விவிட்' முறையில் கறுப்பு வெள்ளை நீலம் பாயும், 'சினிமா' முறைக்கு மாற்றுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணையுங்கள். அது பிலிம் படத்தைத் தொலைக்காட்சித் தொடர்போல ஆக்கிவிடும். முக்கியமாக, சப்டைட்டிலை மஞ்சளாக்குங்கள் அல்லது கறுப்புப் பெட்டிக்குள் வையுங்கள். சொர்க்கம் முழுக்க வெள்ளை. வெள்ளை எழுத்துப் போட்டால் கடைசி வரிசைக்கு ஒரு வரிகூடத் தெரியாது.